ஜப்பான் காருக்கு மல்லாரி

ஒரு காரைப் பற்றிப் புத்தகத்தில் படித்தே எல்லாம் தெரிந்து வைத்திருப்பவனிடம் நீங்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வழி மட்டும் கேட்கக் கூடாது. அப்படிப்பட்ட ஒருவனை எனக்கு மிக நெருக்கமாகத் தெரியும். இருபத்தோரு வயதில் அவன் நெய்வேலியில் அப்ரண்டிஸாக இருந்தான். தினமும் காலையில் கண்ணாடியில் அவனைப் பார்த்துத் தலை வாரிவிட்டுத்தான் நான் டியூட்டிக்குப் போவேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சுழல்கிற இரும்பு உருளைகளைக் கழற்றி மாற்றும் கேங்குக்கு அவர்தான் மேஸ்திரி. அப்பாவோடு சேர்த்துப் பதினாறு பேர். நான் டிப்ளமோ முடித்துவிட்டதால், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதிலிருந்து குழந்தைக்குக் காய்ச்சல் வருவதுவரை அந்தப் பதினாறு குடும்பமும் என்னைத்தான் கேட்கும். நானும் பதில் சொல்வேன். 'தெரியாது' என்ற வார்த்தை டிப்ளமோவில் சொல்லித்தரப்படவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஜப்பான்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து செய்த அந்தச் சின்னக் கார் டவுன்ஷிப்புக்குள் வந்த புதிது. அதுவரை கார் என்றால் கர்ப்பிணி எருமை மாதிரி ஒரு உருவம். ஸ்டார்ட் செய்தால் மூன்று பிளாக்குக்குக் கேட்கும். இது வெள்ளையாக, தீப்பெட்டி மாதிரி, சத்தமே போடாமல் வந்து நின்றது. ஆபீசர் குவார்ட்டர்ஸ் வாசலில் அதைப் பார்க்க ஷிப்ட் முடிந்தவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பார்கள். அவர்களில் நான்தான் கடைசியாகக் கிளம்புவேன்.

அந்த நேரம் பார்த்து லைப்ரரியில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் அந்தக் கம்பெனியின் சரித்திரமே போட்டிருந்தார்கள். நாற்பது பக்க நோட்டில் முழுவதையும் எழுதிக்கொண்டேன். (செமஸ்டர் பரீட்சைக்குக்கூட அப்படிக் குறிப்பெடுத்ததில்லை. எடுத்திருந்தால் இந்தக் கட்டுரையை மேனேஜராக உட்கார்ந்து எழுதியிருப்பேன்.) அந்தக் கம்பெனி முதலில் செய்தது காரே இல்லை, நெசவுத் தறி! நிறுவியவர் தன் அம்மா நெய்வதற்கு ஒரு தறி செய்துகொடுத்திருக்கிறார். அதில் ஆரம்பித்ததாம் எல்லாம். உலகப் போருக்குப் பிறகு தறி வியாபாரம் படுத்துவிட்டது. குடும்பத்தில் ஒருவர் சைக்கிளில் மீன் பிடிக்கப் போகும்போது எதிர்க்காற்றில் மிதிக்க முடியாமல், இதில் ஒரு மோட்டாரை மாட்டினால் என்ன என்று யோசித்திருக்கிறார். சைக்கிளில் மோட்டார் ஏறியது. அப்புறம் மோட்டார் சைக்கிள், அப்புறம் சின்னக் கார். அந்த முதல் காரிலேயே ஒரு புதுமை: இன்ஜின் முன்னால் இருந்து முன் சக்கரங்களையே இழுக்கும். பின் சக்கரம் சும்மா கூட வரும். 'முன்சக்கர இழுப்பு' என்று எழுதி சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டேன்.

அந்த இரண்டு கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

தங்கச்சி செல்விக்குச் சேத்தியாத்தோப்பில் மாப்பிள்ளை அமைந்தது. ரைஸ் மில்லில் ஃபிட்டர், பெயர் ஆறுமுகம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார். அவருக்கும் சேர்த்துப் பேச ஒரு தாய்மாமன் இருந்தார், கோவிந்தசாமி. நெல் மூட்டை ஏற்ற மூன்று மாட்டு வண்டி வைத்திருந்தவர். நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலையை மென்றபடி அவர் கேட்டார்:

"மாப்பிள்ளைய எதுல அழைச்சிக்கினு போவீங்க?"

"பண்ருட்டில வாடகைக் கார் சொல்லிக்கலாம் சம்மந்தி. தெரிஞ்ச டிரைவரு" என்றார் அப்பா.

மாமா தலையாட்டிவிட்டார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் படித்தவன் ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தான்.

"வாடகைக் கார் எதுக்கு? ஜப்பான் கார்ல அழைச்சிக்கினு போறோம் மாமா."

மாமா மெல்லுவதை நிறுத்தினார். "ஜப்பான்லேருந்து எப்ப கெளம்புதாம்?"

சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மாறியது. "தம்பி, நீ சொல்லிட்ட. நானும் ஊர்ல சொல்லிடுவேன். நாளைக்கு அந்தக் கார் வரல, மாப்பிள்ளை நடந்து வந்தான்னு ஒரு பேச்சு வந்துச்சு... அடுத்த பஸ்ஸுக்கே எல்லாரையும் திருப்பிக் கூட்டிக்கினு போயிடுவேன், ஆமா."

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏண்டா சேகரு, ஜப்பான்ல உனக்கு யாரத் தெரியும்?"

எங்கள் பிரிவின் பெரிய இன்ஜினியர் சிவசைலம் சார் வீட்டில்தான் அந்தக் கார் இருந்தது. திருநெல்வேலிக்காரர். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், தினமும் காலையில் மஞ்சள் துணியால் துடைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து கேட்டைத் திறந்து, வணக்கம் சொல்லி, தறியில் ஆரம்பித்தேன். அம்மா, மீன், எதிர்க்காற்று, முன்சக்கர இழுப்பு என்று அரை மணி நேரம். அவர் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"ஏய் தம்பி, புக் பண்ணி எம்புட்டு நாளு காத்துக் கெடந்து வாங்கினேன். எனக்கே இதெல்லாம் தெரியாதே! உள்ள வா, காப்பி சாப்பிடு."

காப்பி முடிவதற்குள் கல்யாணத்தைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் காரையே பார்த்தார். "சாவிய யார்ட்டயும் குடுக்க மாட்டேன். நானே ஓட்டுதேன். சேறு பட்ட காலோட ஒருத்தரும் ஏறக் கூடாது, சரியா?"

அன்று சாயங்காலமே பண்ருட்டிக்குப் போய் வாடகைக் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த டிரைவர் மட்டும் கேட்டார்: "மழ பேஞ்சா உங்க தெருவுல ஓட்டுவாங்களா அந்தக் கார?" பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நல்ல மழை.

காலையில் பிள்ளையார் கோயில் வாசலில் கார் நின்றது. மாலை போட்டு, சந்தனம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. கோயிலிலிருந்து எங்கள் வீட்டுப் பந்தல்வரை மாப்பிள்ளை அழைப்பு. எங்கள் பக்கத்து வழக்கம், மாலை போட்டு ஏறிய மாப்பிள்ளை பந்தல் வாசலில்தான் இறங்க வேண்டும். அங்கே பெண்ணின் அண்ணன், அதாவது நான், அவர் காலைக் கழுவி உள்ளே அழைத்துப் போக வேண்டும். நடுவில் கால் தரையில் பட்டால் சகுனம் சரியில்லை.

பின் சீட்டில் மாப்பிள்ளையும் கோவிந்தசாமி மாமாவும். முன்னால் சார் பக்கத்தில் நான். (உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: காருக்குள் நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.)

"ஸ்டார்ட் ஆவலீங்களா?" என்றார் மாமா.

"ஆயி அஞ்சு நிமிஷம் ஆச்சுய்யா" என்றார் சார், பூரிப்போடு.

முன்னால் நாதஸ்வரமும் தவிலும் நடந்தன. நான் திரும்பி உட்கார்ந்து தறியிலிருந்து ஆரம்பித்தேன். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே வந்தார். அவருக்கு இறங்க வழி இல்லை. "மாட்டு வண்டி மாதிரிதான் மாமா. மாடு முன்னாடி இருந்து இழுக்குதில்ல? இதுலயும் முன் சக்கரம்தான் இழுக்கும்" என்று மாமாவுக்குப் புரிகிற மாதிரியும் விளக்கினேன்.

தெரு முனையில் சார் காரை நிறுத்தினார். இடது பக்கம் சுற்றிப் போகும் கப்பி ரோடு. நேராகப் போனால் எங்கள் தெரு, செம்மண். மழையில் ஊறி அல்வா மாதிரி பளபளத்தது. அப்பா அந்த இடத்திலேயே நின்று, "சுத்திக்கினு வாங்க, சுத்திக்கினு வாங்க" என்று கையைக் காட்டினார்.

"தம்பி, பாதை எப்படி?" என்றார் சார்.

சுற்றிப் போனால் எங்கள் தெருக்காரர்கள் யாரும் என்னைக் காருக்குள் பார்க்க முடியாது. "நேரா போங்க சார். முன்சக்கர இழுப்பு. சேறெல்லாம் ஒண்ணும் பண்ணாது. பத்திரிகையிலயே போட்டிருக்கான்."

(பத்திரிகையில் போட்டிருந்தது பனியைப் பற்றி.)

இருபது அடி போனோம். அப்புறம் சக்கரம் மட்டும் போனது, நாங்கள் போகவில்லை. நான் இறங்கப் பார்த்தேன். கதவைத் திறப்பதாக நினைத்து ஒரு கைப்பிடியைச் சுற்றினேன், கண்ணாடி இறங்கியது. வெட்கப்பட்டு அந்த வழியாகவே தலையை நீட்டி உத்தரவு போட ஆரம்பித்தேன்.

மைன்ஸில் லாரி சகதியில் மாட்டினால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆட்களைப் பின்னால் ஏற்றுவார்கள். பின் சக்கரம் அழுந்திப் பிடித்து ஏறிவிடும். "எல்லாரும் பின்னாடி போங்க! பின் பம்பர் மேல ஏறுங்க! வெயிட் குடுங்க!" என்று கத்தினேன். என் சொல்லுக்கு எவ்வளவு மரியாதை இருந்தது என்பதை அன்றுதான் பார்த்தேன். ஐந்து பேர் பம்பரில் ஏறினார்கள், அதில் என் பெரியப்பா மட்டுமே மூன்று பேர். சார் "பெயிண்டு! பெயிண்டு!" என்று அலறிக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதித்தார்.

காரின் முன்பக்கம் லேசாக மேலே எழும்பியது. முன் சக்கரங்கள் பைத்தியம் பிடித்த மாதிரி சுழன்று, அந்தத் தெருவில் இருந்த சேற்றையெல்லாம் வாரி இரண்டு பக்கமும் இறைத்தன. தவில்காரரின் வெள்ளை வேட்டி செங்கல் நிறமானது. வெளியே நீட்டியிருந்த என் முகத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பிறகு அந்தச் சக்கரங்கள் தாங்களே பறித்த குழியில் அப்படியே இறங்கி, காரின் வயிறு சேற்றில் உட்கார்ந்தது.

பின் சீட்டிலிருந்து கோவிந்தசாமி மாமா நிதானமாகக் கேட்டார்.

"ஏந்தம்பி, மாடு முன்னாடி இருந்து இழுக்குதுன்னு நீதான சொன்ன?"

"ஆமா மாமா."

"அப்புறம் எதுக்குப் பின்பாரம் ஏத்துன? பின்பாரம் ஏறுனா மாடு அந்தரத்துல இல்ல தொங்கும்? எங்க வூட்டு வண்டி ஓட்டுறவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் பண்ண மாட்டானே இத!"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சேறுதான் உள்ளே போனது.

அப்போதுதான் மாமாவின் முகம் நிச்சயதார்த்த முகமாக மாறியது. "சம்மந்தி! முகூர்த்தம் போய்க்கினு கீது. மாப்பிள்ளை இதுல எறங்கி நடக்க மாட்டான். அரை மணி பாப்பேன். அப்புறம் நாங்க பஸ்ஸப் பாத்துக்கினு போறோம்."

தெருக்கோடியில் பந்தல் தெரிந்தது. பந்தல் வாசலில் மணப்பெண் அலங்காரத்தோடு செல்வி வந்து நின்று எட்டிப் பார்த்தாள். நூறு அடிதான் இருக்கும். அவள் முகம் அவ்வளவு தூரத்திலும் எனக்குத் தெரிந்தது. நோட்டில் இருந்த ஒரு வரிகூட எனக்கு அப்போது உதவவில்லை.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. காரை ஒருமுறை சுற்றி வந்தார். குனிந்து அடியில் கையை விட்டுப் பார்த்தார். சாரிடம் மட்டும் கேட்டார்:

"ஐயா, எங்கப் புடிச்சா தகடு நெளியாதுங்க?"

சார் விரலால் காட்டினார். அப்பா திரும்பிக் குரல் கொடுத்தார். "நம்ம ஆளுங்கல்லாம் வாங்கடா!"

கல்யாணத்துக்கு வந்திருந்த கேங் அப்படியே பந்தியிலிருந்து எழுந்து வந்தது. தோளில் இருந்த புதுத் துண்டுகளைச் சும்மாடு மாதிரி சுருட்டி உள்ளங்கைக்கு வைத்துக்கொண்டார்கள். பக்கத்துக்கு ஆறு பேர், முன்னால் பின்னால் இரண்டிரண்டு.

"நீங்களாவது எறங்குங்க சார்" என்றேன்.

"மாட்டேன். சேத்துக் காலோட மறுபடி எப்படி ஏறுகது?" என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார் சார். கோவிந்தசாமி மாமாவும் இறங்கவில்லை. மாப்பிள்ளை அன்றைய முதல் வார்த்தையைப் பேசினார்: "மச்சான், நீங்க எறங்கிடுங்க." இந்தத் தடவை சரியான கைப்பிடியைப் பிடித்து இறங்கினேன்.

"ஒண்ணு... ரெண்டு... ஓப்!" என்றார் அப்பா. பெல்ட் உருளைக்குக் கொடுக்கும் அதே குரல்.

'சளப்' என்று ஒரு சத்தம். ஜப்பான் கார் மேலே எழுந்தது. நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்க, பதினாறு பேரும் ஒரே கால் வைப்பில் நடந்தார்கள். மாலையோடு, சந்தனத்தோடு, உள்ளே மூன்று பேரோடு அது ஆடி ஆடித் தெருவில் வந்தது. சிறுவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். ஒரு வீட்டு வாசலில் யாரோ ஒரு அம்மா என்ன நினைத்தார்களோ, கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நாதஸ்வரக்காரர் பார்த்தார். பல வருஷம் கோயிலில் வாசித்தவர். ஆள் தூக்கி வருவதைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது போலிருக்கிறது. கல்யாணப் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியை எடுத்துவிட்டார். தவில்காரரும் சேற்று வேட்டியோடு கூடவே பிடித்துக்கொண்டார். உள்ளே இருந்த கோவிந்தசாமி மாமா, கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தவர், மெதுவாகக் கண்ணாடியை இறக்கி இரண்டு பக்கமும் கும்பிடு போட ஆரம்பித்தார்.

பந்தல் வாசலில் கார் இறக்கப்பட்டது. ஒரு கீறல் இல்லை. மாப்பிள்ளை கால் தரையில் படவே இல்லை. நான் சொம்பில் தண்ணீரோடு ஓடி வந்து குனிந்தேன். அவர் கால் சுத்தமாக இருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அன்றைய இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னார்:

"மச்சான், மொதல்ல நீங்க கழுவிக்கினு வாங்க."

செல்வி சிரித்துவிட்டாள். தாலி கட்டும்போதும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், போட்டோவில் இருக்கிறது. என் பக்கம் கொஞ்சம் மங்கலாகத் தெரிவது போட்டோக்காரர் தப்பில்லை, காய்ந்த செம்மண்.

சேத்தியாத்தோப்பில் போய்க் கோவிந்தசாமி மாமா சொன்னது இதுதான்: "காருல எவன் வேணா மாப்பிள்ளைய அழைப்பான். எங்க மாப்பிள்ளைய காரோட தூக்கிக்கினு வந்தாங்க!" என் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து, "மாப்பிள்ளையத் தூக்க எத்தினி ஆளு சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டதும் அவர்தான். நான் நடந்தே போனேன். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி பேச ஆரம்பித்தால், எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: "பின்பாரம் ஏத்துறான்டா!"

பிற்காலத்தில் நானும் அதே கம்பெனிக் கார் வாங்கினேன். வாசலில் நிறுத்திவிட்டு, மைலேஜ் எவ்வளவு, இன்ஜின் என்ன என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வயதாகிப்போன அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் அவன் சரியாத்தான் சொல்லுவான். வெயிட்டு மட்டும் என்னயக் கேளுங்க."