ரோஸ் நிறத் திரை

தெர்மாமீட்டர் இருபத்து நான்கு காட்டியது. குலசேகரம் அதைச் சுவரிலிருந்து கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டினார். இப்போது இருபத்து நான்கரை காட்டியது.

திரைக்குப் பின்னால் இருக்கும் குளிரை ஒயர் வழியாக அளக்கும் கருவி அது; பதினெட்டு காட்டியிருக்க வேண்டும். இரண்டு ஏர்கோன் குளிரூட்டிகளும் காலையிலிருந்து உறுமிக்கொண்டிருந்தன. ஸ்டோரை இரண்டாகப் பிரிக்கும் புதுத் திரை கூரையிலிருந்து தரை வரை பொம்மென்று தொங்கியது. கெட்டி மெத்தையை நிறுத்தி வைத்தது போலக் கனமான திரை. குளிரை உள்ளே பிடித்து வைப்பதுதான் அதன் ஒரே வேலை. அதைச் செய்யாமல் என்ன செய்கிறது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குறட்டை கேட்டது.

குலசேகரம் திரையின் ஒட்டுப்பட்டியைச் சர்ரென்று பிரித்து எட்டிப் பார்த்தார். உள்ளே பாய்கள் விரித்திருந்தன. பொட்டலம் கட்டும் பெண்கள் அத்தனை பேரும் சாப்பாட்டுப் பாத்திரங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சிலர் படுத்தும் விட்டார்கள்.

"என்ன அஞ்சலை இது?"

"மெதுவா பேசுங்க கிராணியாரே. பாக்கியம் இப்பதான் கண்ணசந்தா."

"யார் உங்களை இங்க வரச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? திரை போட்டா அந்தப் பக்கம் பொம்பளைங்க பக்கம்தானே. முதலாளி வீட்டு விருந்துக்கு நீங்களும்தானே வந்தீங்க? ஆம்பளைங்க முன்னால ஃபேன் அடியில உக்காந்து பிரியாணி சாப்பிட்டீங்க. நாங்க திரைக்குப் பின்னால தகரக் கொட்டாயில வெந்து போனோம். முதலாளியம்மாவே மயங்கி விழுந்துட்டாங்க. இப்பவாவது முதலாளிக்கு மனசு எறங்குச்சே லா."

"இது பெண்களுக்கு இல்லை, சாக்லேட்டுக்கு."

அஞ்சலை சுற்றுமுற்றும் பார்த்தாள். "சாக்லேட்டுதான் இன்னும் வரலியே" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.

குலசேகரத்துக்கு யாரையும் விரட்டத் தெரியாது. அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து இந்தச் சுவா எஸ்டேட்டுக்குக் கணக்கெழுதும் கிராணியாக வந்தவர். பேரனின் கார்டில் 'மேனேஜர்' என்று அச்சடித்திருந்தாலும் எஸ்டேட்டில் அவர் கிராணியார்தான். அந்தக் காலத்தில் ரப்பர் ஷீட் அடுக்கிய ஸ்டோரில் இப்போது மதார் மைதீன் முதலாளியின் பேரீச்சம்பழமும் அப்பளமும் நெத்திலிக் கருவாடும் இருந்தன. பாதி ஸ்டோர் சும்மா கிடந்தது. சிரம்பானில் ஒரு சாக்லேட் கம்பெனி குளுமையான இடம் தேடுகிறது என்று கேள்விப்பட்டதும் குலசேகரத்துக்கு மூளையில் பொறி தட்டியது. செங்கல் சுவர் வேண்டாம், நகரும் திரை போதும் என்று விளக்கமாக எழுதி, படம் வேறு வரைந்து முதலாளியிடம் கொண்டுபோனார்.

ஃபியூஸ் போன பல்பை மாற்றவே நாள்கணக்கில் யோசிப்பவர் மதார் மைதீன். அவர் அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு சில கேள்விகள் மட்டும் கேட்டார்.

"நெனச்ச இடத்துக்குத் தள்ளிக்கலாமா சேகரம்?"

"தாராளமா. மேலே தண்டவாளம் இருக்கு, சக்கரத்துல ஓடும்."

"இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கம் தெரியாதே?"

"துளிகூடத் தெரியாது முதலாளி."

"கலர் என்ன?"

"வெள்ளை, இல்லாட்டி சாம்பல்."

"ரோஸ் இருக்கான்னு கேளுங்க. பார்வையா இருக்கும்."

அவ்வளவுதான், சம்மதித்துவிட்டார். அன்று வீட்டுக்குப் போய் மனைவி மீனலோசனியிடம் குலசேகரம் பெருமையடித்துக்கொண்டார். "முதலாளி லேசுப்பட்ட ஆளில்லை. சரக்கு வெளியே தெரியக் கூடாதாம். திருடர் பயத்தைக்கூட யோசிச்சிருக்கிறார் பாருங்கோ."

"ரோஸ் கலர் எதுக்காம்?"

"பார்வையா இருக்குமாம்" என்றார் அவர். ரோஸ் நிறம் கிடைக்கக் கூடுதலாக நாளானது.

ஒரே ஒரு விஷயம்தான் அவரை உறுத்தியது. திரை வந்து மாட்டிய அன்று முதலாளி, "சாக்லேட்டுக்கு என்ன அவசரம் சேகரம், ரெண்டு மாசம் போகட்டுமே" என்றார். தன் திறமையில் சந்தேகப்படுகிறார் என்று குலசேகரத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவரே கம்பெனிக்கு ஃபோன் போட்டு, சனிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? முதலாளியிடம் போய், "சனிக்கிழமை பதினெட்டு காட்டலைன்னா நான் ஸ்டோரை விட்டுட்டு அம்பாங்கான் கடைக் கல்லாவுக்குப் போயிடறேன்" என்று வாயையும் விட்டுவிட்டார்.

"ஆரிஃபும் ஒரு ஆளு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்" என்றார் முதலாளி, நிதானமாக.

ஆரிஃப் முதலாளியின் மைத்துனர். அம்பாங்கானில் இருக்கும் அவருடைய சாப்பாட்டுக் கடையை விடியுமுன் திறக்க வேண்டும். கல்லாவுக்கு நேர் பின்னால் அனல் வீசும் ரொட்டிக் கல். இங்கேயோ ஸ்டோர் வாசலில் ரம்புத்தான் மரம், அதன் அடியில் குலசேகரத்தின் பிளாஸ்டிக் நாற்காலி, நாலு மணிக்கு நுரை பொங்கும் ஒரு தே தாரேக் டீ. தன் வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை என்று அவர் உண்மையாகவே நினைத்தார். அந்த நாற்காலியை விட்டுப் போக அவருக்கு மனமே இல்லை.

ஆகவே விரட்டாமல் சமரசம் பேசினார். மதியம் சாப்பிடும் நேரம் மட்டும் பெண்கள் உள்ளே இருக்கலாம், திரையை ஒரே முறைதான் திறக்க வேண்டும். அஞ்சலை பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டாள்.

மறுநாளே லாரி ஓட்டும் கணேசமூர்த்தி ஆட்களோடு வந்து நின்றான்.

"என்னா கிராணியாரே, அவங்களுக்கு ஏர்கோன், எங்களுக்கு வெயிலா? நாங்க என்னா மரமா?"

நியாயம்தானே என்று குலசேகரத்துக்குப் பட்டது. நகரும் திரைதானே, நகர்த்தினால் போகிறது. திரையைக் கொஞ்சம் தள்ளி, திரை வாங்கியதில் மிச்சமிருந்த துண்டை நடுவில் தொங்கவிட்டு, ஆண்களுக்கும் ஒரு ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்தார். எல்லோரும் அவரை வாழ்த்தினார்கள். தெர்மாமீட்டர் இருபத்தாறு காட்டியது.

தள்ளிய இடத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. பழைய ரப்பர் ஸ்டோர் அல்லவா, கழுவிவிட்ட தண்ணீர் ஓடுவதற்காகத் தரை சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். அந்தப் பக்கம் திரை தரையைத் தொடவில்லை. அடியில் பூனை நுழையும் அளவுக்கு இடைவெளி. குளிர் எல்லாம் அதன் வழியே ஜோராக வெளியே போய்க்கொண்டிருந்தது. ஆண்களுக்குக் கொடுத்த இடத்தைத் திரும்பக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

கோயில் செயலாளர் திருநாவுக்கரசுவிடம் போய், திருவிழாவுக்கு வைக்கும் பெரிய ஃபேனை இரவல் கேட்டார். குளிர்ந்த காற்றை உள்ளேயே சுழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு.

"எடுத்துக்குங்க. எங்க பால் பாக்கெட்டையும் பூவையும் வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்க குளிர்ல வச்சிருங்க" என்றார் திருநாவுக்கரசு.

ஃபேனைப் போட்டார்கள். திரை புஸ்ஸென்று பலூன் போல உப்பி மேலே கிளம்பியது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பாக்கியம், கூரை பறக்கிறது என்று அலறிக்கொண்டு எழுந்தாள். தெர்மாமீட்டர் இருபத்தெட்டைத் தாண்டியது.

"அடியில பாரம் வைக்கணும் கிராணியாரே" என்றான் கணேசமூர்த்தி.

கைக்குக் கிடைத்த பாரம் நெத்திலி மூட்டைகள்தான். திரையின் அடி விளிம்பு நெடுக அவற்றை அடுக்கினார்கள். திரை அசையாமல் நின்றது. எண் இறங்க ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை காலையில் இருபது வரை வந்துவிட்டது. குலசேகரம் நாற்காலியில் உட்கார்ந்து தே தாரேக்கை நிம்மதியாக உறிஞ்சினார்.

பாதிக் குவளை காலியாவதற்குள் திருநாவுக்கரசு வந்தார்.

"என்னா சார் நீங்க? பால்ல கருவாட்டு வாசம். மல்லிப்பூலயும் கருவாட்டு வாசம். அம்மனுக்கு இதையா சாத்துறது?"

குலசேகரம் குவளையைக் கீழே வைத்தார். மல்லிகையே இப்படி மணந்தால் சாக்லேட்டின் கதி என்ன? உள்ளே ஓடி முகர்ந்து பார்த்தார். குளுகுளுவென்று, சுத்தமாக, மீன் சந்தை போல மணந்தது.

"சாம்பிராணி போட்டா போயிரும்" என்றாள் அஞ்சலை. யோசிக்க நேரமில்லை. போடச் சொன்னார். சாம்பிராணிப் புகை மேலே போய்க் கூரையிலிருந்த தீ எச்சரிக்கைக் கருவியைத் தொட்டதுதான் தாமதம், அபாய மணி ஊரைக் கூட்டியது. எல்லாக் கதவுகளையும் திறந்துபோட்டு எல்லோரும் வெளியே ஓடினார்கள். சுவாவின் மதிய வெயில் சாவகாசமாக உள்ளே நுழைந்தது.

மணியை நிறுத்திய பிறகு குலசேகரம் தெர்மாமீட்டரைப் பார்க்கவே இல்லை. ரம்புத்தான் மரத்தடிக்குப் போய் நாற்காலியைத் தடவிக் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்ததை அஞ்சலை பார்த்துவிட்டாள்.

"என்னா கிராணியாரே, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒன்றுமில்லை அஞ்சலை. திங்கட்கிழமையிலிருந்து நான் அம்பாங்கான் கல்லாவுல இருப்பேன். அந்தப் பக்கம் வந்தா எட்டிப் பாருங்கோ."

சவால் விட்ட கதையை அப்போதுதான் அவளிடம் சொன்னார். அஞ்சலை திரும்பி நடந்தாள். உள்ளே போய் முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு நடந்தது எல்லாம் அவள் ராஜ்யம். மூட்டைகள் பழைய மூலைக்குப் போயின. கோயில் ஃபேன் கோயிலுக்குப் போனது. நடுவில் தொங்கிய துண்டு கழன்றது. கணேசமூர்த்தி ஒரு முனகல்கூட இல்லாமல் திரையைப் பழைய இடத்துக்குத் தள்ளினான். எலுமிச்சம்பழமும் வாசனைக்குப் பண்டான் இலையும் போட்டுத் தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள்.

"அந்தச் சாக்கடைப் பக்கம் இங்கயும் விரலளவு தூக்கலாத்தான் நிக்கும்" என்றார் குலசேகரம் பரிதாபமாக. "பாரம் வைக்க என்ன செய்யிறது?"

அஞ்சலை தன் ஆட்களை ஏற இறங்கப் பார்த்தாள். "பாரத்துக்கா பஞ்சம்?" என்றாள்.

சனிக்கிழமை காலையில் சாக்லேட் கம்பெனி அதிகாரி புவனேஸ்வரன் வந்தார். முகத்தில் சிரிப்பே இல்லாத இளைஞர். கூடவே மதார் மைதீன் முதலாளியும் வந்தார். அவருடைய இளைய மகள் ஃபாத்தின் கைபேசியைப் பார்த்தபடி பின்னால் வந்தாள்.

குலசேகரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுப்பட்டியைப் பிரித்தார்.

உள்ளே திரையின் அடி விளிம்பு நெடுக எஸ்டேட் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பொட்டலம் கட்டும் பெண்கள் போதாதென்று அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆள் பிடித்து வந்திருந்தாள் அஞ்சலை. திரையின் நுனியை ஒவ்வொருத்தியும் தன் அடியில் போட்டு அமுக்கியிருந்தாள். எறும்பு நுழைய இடமில்லை.

புவனேஸ்வரன் திகைத்தார். "இவங்கல்லாம் யாரு?"

"பாரம்" என்றார் குலசேகரம்.

முதலாளியின் முகம் மட்டும் விளக்குப் போட்டது போல மலர்ந்தது. வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். "எப்படிம்மா இருக்கு? வேர்க்குதா?"

"வேர்வையா? பல்லு கிட்டுது முதலாளி" என்றாள் அஞ்சலை.

"இன்னும் இதே அளவு ஆளுங்க வந்தாலும் தாங்குமா?"

"தாராளமா உக்காரலாம்."

முதலாளி தாடியைத் தடவிக்கொண்டு ரோஸ் நிறத் திரையை ஆசையாகத் தொட்டுப் பார்த்தார். தன் முதலாளி தன் உழைப்பை இப்படிக் கொண்டாடுவதைப் பார்த்து குலசேகரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

புவனேஸ்வரன் தன் கருவியை எல்லா மூலையிலும் காட்டினார். முகர்ந்து பார்த்தார். கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடி கருவியைப் பார்த்தார். கடைசியில் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"பதினெட்டு. இவ்வளவு பேரு மூச்சு விட்டும் பதினெட்டுல நிக்குதுன்னா, வெறும் சாக்லேட்டுக்கு இது ராஜ வாழ்க்கை சார். அடியில மணலை ரொப்பித் தச்சிடுங்க, போதும். திங்கட்கிழமையே லாரிய அனுப்புறோம். கூரை வரைக்கும் அடுக்கிடுவோம். ஒரு வருஷத்துக்கு உள்ள இடமே இருக்காது."

பெண்கள் கை தட்டினார்கள். கணேசமூர்த்தி வெளியே லாரி ஹார்னை அடித்தான். குலசேகரத்துக்கு ரம்புத்தான் மரமும் நாற்காலியும் நாலு மணித் தே தாரேக்கும் கண் முன்னால் வந்து நின்றன. அஞ்சலையைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு பூரிப்போடு முதலாளி பக்கம் திரும்பினார்.

முதலாளி அங்கிருந்த காலிப் பலகை ஒன்றின் மேல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன முதலாளி, உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல சேகரம். நல்லா இருங்க" என்றார் அவர், ஈனசுரத்தில்.

ஒன்றும் புரியாமல் குலசேகரம் ஃபாத்தினைப் பார்த்தார். அவள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கி, அவர் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"யார்ட்டயும் சொல்லிடாதீங்க அங்கிள், இன்னும் வெளிய விடல. கூரை வரைக்கும் சாக்லேட்ட அடுக்கிட்டா, அடுத்த மாசம் இங்கயே நடக்கிற ஹஃபீஸா அக்கா கல்யாணத்துக்குப் பொம்பளைங்கள எங்க உக்கார வைக்கிறது? இந்தத் தடவ பொம்பளைங்க பக்கம் குளுகுளுன்னு இருக்கணும்னு அம்மா ஒத்தக் கால்ல நின்னதாலதானே, அத்தா இந்தத் திரையவே வாங்கினாரு."