ஆறாவது டிவிடி

மூன்றாவது டிவிடியும் சரியில்லை என்று திங்கட்கிழமை காலையிலேயே மாமியார் போன் செய்துவிட்டாள்.

"என்னமோ ஒரு மாதிரியா இருக்குதுங்க மாப்ள."

"ஆளு ஒல்லியா, நெட்டையாத் தெரியுதுங்களா மாமி?"

"ஆமாங்க. ஒல்லியாத்தானுங்க."

சாதிக் பாஷா தலையில் கை வைத்துக்கொண்டான். ஏற்காட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், கம்ப்யூட்டர் படித்தவன். அகலப் படத்தைப் பழைய சதுர டிவிக்கு அப்படியே அனுப்பினால் ஆள் நெட்டையாகத்தான் தெரியும். இதுகூடத் தோன்றவில்லையே.

மனைவி அஃப்சானா இறந்துபோய் இரண்டு மாதம். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் அவள் அம்மா ரஹமத் பீவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "போன்ல எறும்பாட்டம் தெரியுது. எம் புள்ளைய டிவில பெருசாப் பாக்கோணும்." மனைவியைக் காப்பாற்ற முடியவில்லை, ஒரு டிவிடியையாவது ஒழுங்காகச் செய்து கொடுக்கலாம் என்று சாதிக் தலையாட்டினான்.

ஞாயிறுதோறும் வெள்ளக்கடை ஊரில் மாமியார் வீட்டுக்கு ஒரு டிவிடியைக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தான். முதல் டிவிடியில் போன் வீடியோக்களை அப்படியே காப்பி செய்தான். "ஓடலீங்க," என்றாள். பிளேயருக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதினான். "தெளிவா இல்லீங்க." மூன்று மணி நேரத்தை ஒன்றில் திணித்ததால் முகம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும் என்று அவனே கண்டுபிடித்து, ஒரு மணி நேரமாக வெட்டினான். அதுதான் இந்த ஒல்லி.

வெட்டுவதென்றால் பார்க்க வேண்டும். திரையில் அஃப்சானா படகில் ஏறினாள், கை ஆட்டினாள், "போன உள்ள வைங்க, மானத்த வாங்காதீங்க," என்று சிரித்தாள். அந்த வாரம் முப்பது தடவை ஏறினாள். ஒரு தடவைகூட இறங்கவில்லை.

நாலாவதில் படத்தின் இரு ஓரங்களையும் வெட்டினான். அவள் சரியாகிவிட்டாள், வேறொரு வீடியோவில் பக்கத்தில் நின்ற அவன்தான் பாதியாகிப் போனான்.

"சத்தம் சரியில்லீங்க மாப்ள."

"காத்து இரைச்சலுங்களா?"

"அதேதானுங்க!"

ஐந்தாவதில் இரைச்சலை நீக்கினான். கூடவே சிரிப்பும் போய்விட்டது. அஃப்சானா வாயைத் திறந்து ஊமையாகச் சிரித்தாள். மாமியார் அதையும் "சரியில்லீங்க" என்றாள். இந்த முறை அவனும் ஒப்புக்கொண்டான்.

"ஏன்டா, அங்கியே போட்டுக் காமிச்சுட்டு வந்தா என்ன?" என்றான் பக்கத்து மொபைல் கடை நவாஸ்.

"மருமவன் முன்னாடி ஒக்காந்து மாமி டிவி பாக்காதுடா. முக்காட்ட இழுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிரும்."

"அப்ப சோறு மட்டும் திம்ப?"

"வேற என்ன பண்றது?"

மற்ற ஆறு நாளும் அவனுக்குப் பன்னும் டீயும்தான்.

திரும்பி வந்த டிவிடிகளில் ஒரு கைரேகைகூட இல்லை. மாமி எதையும் பத்திரமாக வைத்துக்கொள்பவள்.

ஆறாவதில் இரைச்சல், சிரிப்பு எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தான். குறைந்த வேகத்தில் எழுதி, நவாஸ் தேடிக்கொடுத்த மூன்று பிளேயரில் போட்டுப் பார்த்தான். மூன்றிலும் அஃப்சானா ஒழுங்காகப் படகில் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளக்கடைக்கு வண்டியை விட்டான். வீட்டில் மாமியார் மட்டும்தான். நெய்ச்சோறும் தாளிச்சாவும் தயாராக இருந்தன.

"இது கண்டிப்பா ஓடும் மாமி. இனி நான் அலைய வேண்டியதில்ல."

ரஹமத் பீவியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"அப்புடிங்களா?" என்றாள். இன்னொரு கரண்டி சோற்றை அவன் தட்டில் வைத்துவிட்டு, "நடுவுல நின்னாலும் நின்னுருமுங்க," என்றாள்.

"இன்னும் போட்டே பாக்கலீங்களே மாமி!"

"எனக்கு அப்புடித் தோணுதுங்க." அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சாதிக் பாதிச் சோற்றில் கை கழுவினான். அவனால் இனி ஒரு தடவைகூட அந்தப் படகைப் பார்க்க முடியாது. வண்டியை உதைத்தான், கிளம்பவில்லை. பக்கத்து வீட்டுப் பாவாயி வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க தம்பி, மூஞ்சி ஏன் இப்புடித் தொங்குது?"

"ஆறு டிவிடி போட்டுக் குடுத்துட்டேனுங்க. ஒண்ணுகூட மாமிக்குப் புடிக்கல. இனி என்னால ஆவாதுங்க."

பாவாயி மிளகை அளைந்த கையை நிறுத்தி, ரஹமத் பீவியின் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க மொத டிவிடி கொண்டாந்த அன்னைக்கே இடி உழுந்து அந்த டிவி கருகிப்போச்சுங்களே தம்பி; ஆனா, நீங்க வர்ற அன்னைக்கு மட்டுந்தானுங்க அந்த ஊட்ல அடுப்பு எரியுது."