சூறாவளியும் ஈரத் துண்டுகளும்

எதிரியின் மூன்றாவது பீரங்கி வண்டி தீப்பிடித்த அதே நேரத்தில், மேசைக்கு அடியில் கம்ப்யூட்டரின் விசிறி அலற ஆரம்பித்தது. விமானம் கிளம்பப் போகிற மாதிரி ஒரு சத்தம். சூறாவளி கதவைத் திரும்பிப் பார்த்தார்.

சூறாவளி என்பது இணைய விளையாட்டில் அவருக்குள்ள பெயர். அங்கே ஒரு பீரங்கிப் படைக்கு அவர் தலைவர். அவர் 'முன்னேறு' என்றால் நான்கு பேர் முன்னேறுவார்கள். வெளியே அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே கோப்புகளைச் சரிபார்க்கிறவர். இங்கே அவர் 'தண்ணி' என்றால் யாரும் அசைய மாட்டார்கள். அவரேதான் எழுந்து போய்க் குடிக்க வேண்டும்.

கதவு திறந்தது. சூறாவளி ஒரே தட்டில் போர்க்களத்தை மறைத்து, கட்டம் கட்டமான கணக்குத் தாளைத் திரைக்குக் கொண்டுவந்தார். ஆனால் விசிறிக்கு நடிக்கத் தெரியாது. அது பாட்டுக்கு அலறிக்கொண்டிருந்தது.

"வேலை ரொம்பக் கடுமையோ?" என்றாள் மனைவி. அவள் நீச்சல் பயிற்சியாளர். இரண்டு தோளிலும் ஈரத் துண்டுகள் தொங்கின.

"மாசக் கடைசி. கோப்பு நிறைய."

"கோப்பு பாக்கற மெஷின் இப்படி மூச்சு வாங்காதுங்க. எத்தனை வருஷமா கேக்கறேன். முனகினா வேலை, ஊளையிட்டா விளையாட்டு."

சூறாவளி திருட்டு முழி முழித்தார்.

"இதான் கடைசி. இனிமே ஒரு தடவை இந்தச் சத்தம் என் காதுல விழுந்தா, மெஷின் என் தம்பி வீட்டுக்குப் போயிடும். அவன் படிக்கறதுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கான்."

மச்சான் வெறுமனே கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. அதை வைக்க மேசையே வாங்கிவிட்டான். அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை படைகளுக்கெல்லாம் இறுதிப் போட்டி. ஒரு வருடமாக முட்டி மோதி அரையிறுதி வரை வந்திருந்தார் சூறாவளி. வாழ்க்கையில் அவர் எதிலும் இறுதிச் சுற்று வரை போனதில்லை, பள்ளிக்கூட ஓட்டப் பந்தயம் உட்பட.

மனைவி துண்டுகளை நாற்காலி முதுகில் பிரித்துப் போட்டாள். "மழையும் விடல, துணியும் காயல. காய வைக்கிற மெஷின் ஒண்ணு வாங்கலாம்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

"வாங்கலாம். வெக்க இடம் எங்க இருக்கு?"

"இதோ, இது இருக்கற இடத்துல," என்று கம்ப்யூட்டர் பெட்டியைக் கால் கட்டைவிரலால் காட்டிவிட்டுப் போனாள்.

சூறாவளி யோசித்தார். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதைப் படிப்பதுதான் காப்பீட்டுக்காரனுக்குப் பிழைப்பு. விளையாடக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. சத்தம் காதில் விழக் கூடாது என்றுதான் சொன்னாள்.

மறுநாள் கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"விசிறிய எடுத்துட்டுத் தண்ணிக் குளிர்ச்சி போடலாம் சார். ஆனா அதுல பம்பு இருக்கும். அதுவும் லேசா முனகும்."

"முனகவே கூடாது."

"அப்ப பம்பே இல்லாதது ஒண்ணு இருக்கு. சூடாகற சிப்பு ரெண்டு மேலயும் ஒரு திரவம் நிக்கும். சிப்பு சூடானா அது கொதிச்சு ஆவியாகிக் குழாய் வழியா மேல போகும். மேல ஒரு பலகை. அங்க சூட்டை விட்டுட்டு, மறுபடி திரவமாகித் தானா கீழ வழியும். அவ்ளோதான்."

"எது தள்ளும்?"

"எதுவும் தள்ளாது சார். நீங்க சூடாக்கினா போதும். பலகை மட்டும் உயரத்துல இருக்கணும். என்னைக்கு வர்றதுன்னு சாயந்திரம் போன் பண்றேன்."

சாயந்திரம் சூறாவளியின் போன் வழக்கம்போல் சமையலறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. சூறாவளியோ வழக்கம்போல், ஊளை கிளம்பாத அளவுக்கு, ஒரு புதருக்குள் அசையாமல் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தார். மெக்கானிக் கூப்பிட்டதாகவே தெரியவில்லை. ஆனால் மறுநாள் மனைவியும் மகளும் நீச்சல் குளத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் சரியாக வந்து நின்றார்.

"இந்த அலமாரி மேல வெச்சுடலாமா?" என்று கேட்டார் சூறாவளி.

"வேணாம் சார், ரூம் அடுப்பாயிடும். இந்தச் சுவருக்குப் பின்னாடி துணி துவைக்கற இடம் இருக்குல்ல? அங்க உயரமா மாட்டிடலாம்."

பார்க்காமலே எப்படிச் சொல்கிறார் என்று சூறாவளி ஒரு கணம் வியந்தார். அனுபவம் என்று தனக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

பலகை வெள்ளை நிறத்தில் ஒரு கதவின் பாதி அளவு இருந்தது. அதன் முன்பக்கம் குறுக்காக நீளக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"இந்தக் கம்பிங்க எதுக்கு?"

"சூடு பரவணும்ல சார்," என்றார் மெக்கானிக், சுவரைத் துளைத்தபடியே. "வீட்ல கேட்டா, துணி போடற ஸ்டாண்டுன்னு சொல்லிக்குங்க."

அந்த யோசனை சூறாவளிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அன்று மாலை அவர் இரண்டு ஊர்களைப் பிடித்தார். பீரங்கிகள் எரிந்தன, பாலங்கள் இடிந்தன. மேசைக்கு அடியில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. காதை வைத்துக் கேட்டால் குழாய்க்குள் எங்கோ லேசாகக் கொதிக்கிற மாதிரி இருந்தது. அதுவும் அவர் இதயமாகக்கூட இருக்கலாம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன, சத்தமே காணோம்?"

"திருந்திட்டேன்," என்றார் கணக்குத் தாளைப் பார்த்தபடி. "பின்னாடி உனக்கு ஒரு ஸ்டாண்டு மாட்டியிருக்கேன், பாத்தியா? துண்டு போட."

"பாத்தேன். ரொம்ப நல்லா இருக்கு."

அவள் குரலில் இருந்த கனிவு அவரைக் குத்தியது. இருந்தாலும் மூன்றாவது ஊரையும் பிடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அடுத்த நாள் சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "அம்மா, என் துண்டு சுடச்சுட இருக்கு."

"ஆமாடி. நேத்து வரைக்கும் ரெண்டு நாளானாலும் காயாது. இன்னைக்கு ஒரு மணி நேரத்துல மொறுமொறுன்னு ஆயிடுச்சு. மழை கொட்டுது, வெயிலே இல்ல. அதிசயமா இல்ல?"

சூறாவளி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். சத்தத்தை ஒழித்தவர் சூட்டை மறந்துவிட்டார். கோப்பு பார்க்கிற அன்றைக்குத் துண்டு ஈரமாகவே கிடக்கும். போர் நடக்கிற அன்றைக்கு அப்பளமாகும். இரண்டே நாள் கவனித்தால் போதும், அவளுக்கு எல்லாம் தெரிந்துபோகும்.

அதனால் அன்று விளையாடி முடித்ததும் பூனைபோல் பின்பக்கம் போனார். காய்ந்து கிடந்த துண்டுகளின் மேல் ஒரு குவளைத் தண்ணீரைத் தெளித்தார். தொட்டுப் பார்த்தார். நியாயமான ஈரம்.

"இன்னைக்கு அவ்வளவாக் காயலையே," என்றாள் மனைவி மாலையில். "துண்டு மெல்லிசு, அதான் தெரியல. நல்ல தடிமனாப் போட்டுப் பாக்கறேன்."

போர்வைகளைக் கொண்டுவந்து போட்டாள். பலகையே தெரியாத அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு.

போர்வை ஈரமாக இருந்தவரைக்கும் கம்ப்யூட்டர் இதற்குமுன் எப்போதும் இல்லாத வேகத்தில் ஓடியது. காய்ந்ததும் அது கம்பளி போர்த்தின மாதிரி வெந்து, அரையிறுதிப் போட்டியின் நடுவில் பொட்டென்று அணைந்துபோனது.

மறுபடி உயிர் வந்தபோது ஹெட்போனில் அவருடைய துணைத் தலைவர், ஆமை என்று பெயர் கொண்டவர், கத்திக்கொண்டிருந்தார். "தலைவரே, எங்க போனீங்க? பாலத்துல நாங்க மூணு பேருதான் நிக்கறோம்."

"ரெண்டு நிமிஷம் தாங்குங்க," என்று சொல்லிவிட்டு சூறாவளி குவளையோடு ஓடினார். போர்வைமேல் ஊற்றினார். ஓடி வந்து சுட்டார். மறுபடி ஓடினார். மூன்றாவது தடவை ஊற்றும்போது மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, காஞ்ச போர்வை மேல ஏன் தண்ணி ஊத்தறீங்க?"

"தூசி அடங்க."

"காய வெக்கத்தானே போட்டாங்க?"

"நீ போய்ப் படி."

அரையிறுதியை எப்படியோ ஜெயித்துவிட்டார்கள். ஆனால் சூறாவளிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பலகைப் பக்கம் இனி வேறு யாருடைய கையும் போகக் கூடாது. அதற்கு ஒரே வழிதான் இருந்தது.

"இனிமே துணி துவைக்கறது, காயப் போடறது எல்லாம் என் பொறுப்பு," என்றார்.

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"நீ பாவம், நாள் முழுக்கத் தண்ணிக்குள்ள நிக்கற."

"இதைக் கேக்க எத்தனை வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா?" அவள் கண் உண்மையிலேயே கலங்கியது. சூறாவளிக்குத் தன்னைப்போல் ஒரு அயோக்கியன் உலகத்தில் இல்லை என்று தோன்றியது. அந்த எண்ணம் மறுநாள் காலை அவள் கொண்டுவந்து இறக்கிய மூட்டையைப் பார்த்ததும் கொஞ்சம் குறைந்தது.

"நீச்சல் குளத்துத் துண்டுங்க," என்றாள். "அங்கயும் காயல. நீங்கதான் பொறுப்பு எடுத்துக்கிட்டீங்களே."

அன்றிலிருந்து சூறாவளியின் பிழைப்பு நாறியது. துவைத்ததைக் காய வைக்க வேண்டுமானால் பலகை சூடாக வேண்டும். பலகை சூடாக வேண்டுமானால் போர் நடக்க வேண்டும். அலுப்பாக இருந்த நாளிலும் உட்கார்ந்து பீரங்கி ஓட்டினார். தலைவலியோடு ஊர்களைப் பிடித்தார். ஒருநாள் கை வலிக்கிறது என்று சும்மா இருந்துவிட்டார். "துண்டு ஒண்ணுகூடக் காயல. பொறுப்புன்னா பொறுப்பா இருக்கணும்," என்று மனைவி பிடிபிடியென்று பிடித்தாள். வேறு வழியில்லாமல் போய் ஒரு கோட்டையை முற்றுகையிட்டார்.

ஒரு பலன் இருந்தது. இத்தனை பயிற்சியில் அவர் கை பேய்த்தனமாக ஓடியது. ஆமையே அசந்துபோனார். "தலைவரே, நீங்க இவ்ளோ உழைப்பீங்கன்னு நினைக்கவே இல்ல."

"குடும்பத்துக்காகத்தான்," என்றார் சூறாவளி.

இறுதிப் போட்டி வந்தது. அதே ஞாயிற்றுக்கிழமைதான் குளத்திலும் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்திருந்தார்கள். ஈரத் துண்டுகள் வந்துகொண்டே இருந்தன. சூறாவளி ஒரு சுற்று முடிவதற்குள் பலகையில் இருந்தது காய்ந்துவிடும். காய்ந்ததை எடுத்து ஈரத்தைப் போட்டால்தான் கம்ப்யூட்டர் அடுத்த சுற்றைத் தாங்கும். சுட்டார், ஓடினார், உதறிப் போட்டார், ஓடி வந்து சுட்டார். எதிரிப் படையினர் இவர் திடீர் திடீரென்று அசையாமல் நிற்பதைப் பெரிய தந்திரம் என்று நினைத்துப் பதுங்கிக்கொண்டார்கள். கடைசிச் சுற்றில், முழங்கையில் ஒரு நீச்சல் துண்டு தொங்க, அவர் கடைசி பீரங்கியை வீழ்த்தினார்.

ஹெட்போனில் நான்கு பேர் கூச்சல் போட்டார்கள். ஆமை அழுதேவிட்டார். சூறாவளிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயித்திருக்கிறார், அதை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது. அது ஜெயிக்காமல் இருந்ததைவிட மோசமாக இருந்தது.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். மெஷின் மச்சான் வீட்டுக்குப் போனாலும் போகட்டும்.

சமையலறையில் மனைவி கதகதப்பான துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் ஒன்றைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார். "நான் உன்னை ஏமாத்திட்டேன்."

"அப்படியா?" என்றாள் மனைவி, மடிப்பதை நிறுத்தாமல்.

அப்போது சார்ஜில் இருந்த அவருடைய போன் அடித்தது. மகள் எட்டி எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். மெக்கானிக்கின் குரல்.

"சார், மேடம் நேத்து கூப்பிட்டு, அன்னைக்கு உங்க போனை எடுத்துப் பேசினப்ப அவங்க போடச் சொன்ன துணி காய வைக்கிற மெஷின்ல இன்னும் ரெண்டு கம்பி சேக்கணும்னாங்க. சேத்துடலாம், ஆனா இப்ப வர்ற சூடு பத்தாது, நீங்க தினமும் இன்னும் ஒரு மணி நேரம் கூட விளையாட வேண்டியிருக்கும்."