பொது வாய்க்கட்டுக் கூடை

சீனாக்காரன் மதில் கட்டினான், வெள்ளைக்காரன் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டான் என்று பெருமை பேசுகிறவர்கள் ஒருமுறை எங்கள் வாவிமுனைத் துறைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். காய்ச்சலை எதிர்த்து மனித குலம் செய்த ஏற்பாடுகளில் தலைசிறந்தது எங்கள் துறையில்தான் உண்டானது. அதுவும் என்னுடைய தேத்தண்ணிக் கடையின் மர வாங்கில்தான் உண்டானது. நான் ஹலீம். கமிட்டியில் நான் அங்கத்தவன் அல்ல. ஆனால் கமிட்டி குடித்த தேத்தண்ணி முழுவதும் நான் ஊற்றியது. அந்த வகையில் சரித்திரத்தில் எனக்கும் ஒரு சொட்டுப் பங்கு உண்டு.

ஜேர்மன் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். விஷக்காய்ச்சல் திரும்பவும் வந்தது. வாவிக்கு இந்தப் பக்கம், எங்கள் எழுவான்கரையில், வீட்டுக்கு ஒருவர் பாயில் கிடந்தார். வாவிக்கு அந்தப் பக்கம், வயல் கிடக்கிற படுவான்கரையில், ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. இரண்டு கரைக்கும் நடுவில் ஓடியது ஹமீட்டின் தோணி ஒன்றுதான்.

டவுன் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி இராயப்பு வந்தார். வாயில் கட்டிய வெள்ளைத் துணியை தாடைக்கு இறக்கிவிட்டு, சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு பேசினார்.

"மரைக்கார், தோணியில ஏறுற ஆக்கள் எல்லாரும் வாய்க்கட்டு கட்டவேணும். ஆளாளுக்குத் தனிக்கட்டு. ஒவ்வொரு நாளும் அவிச்சுக் காயப்போடவேணும்."

எங்கள் கச்சி முகம்மது மரைக்கார் ஊரில் பெரிய புடைவைக் கடைக்காரர். அந்தக் கணமே கமிட்டி அமைத்தார், தானே தலைவருமானார். முதல் கூட்டத்தில் அப்போதிக்கரியின் பேச்சின் முதற்பாதி ஏகமனதாக ஏற்கப்பட்டது. பிற்பாதி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்த 'அடுத்த கூட்டம்' மிகவும் மதிப்புக்குரியது. அது இன்றுவரை யார் கண்ணிலும் படவில்லை.

எந்தத் துணி என்பதே பெரிய கேள்வி. மரைக்கார் அதற்கு ஒரு சாஸ்திரப் பரீட்சை கண்டுபிடித்தார். என் அடுப்பில் கருவாடு பொரிக்க வேண்டும். ஹமீட்டின் மூக்கிலும் வாயிலும் துணியைக் கட்ட வேண்டும். எந்தத் துணிக்குள்ளால் கருவாடு மணக்கவில்லையோ அதற்குள்ளால் காய்ச்சலும் வராது.

முதலில் மல்லுத் துணி.

"மணக்குதா?"

"மணக்குது மரைக்கார். பாரைக் கருவாடு."

மல்லுத் துணி தோற்றது. அடுத்தது வேட்டித் துணி.

"இப்ப?"

"இப்பயும் மணக்குது. உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு ஹலீம் காக்கா."

மூன்றாவது, மரைக்காரின் கடையிலிருந்து வந்த கட்டம் போட்ட தடித்த சாரத் துணி, நாலாக மடித்தது. ஹமீட்டின் கண் மேலே போய்விட்டது. அவிழ்த்து முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"ஒண்டும் மணக்கல்ல மரைக்கார். காத்தும் வரல்ல."

"அதான்டா வேணும்! காத்து வந்தாத்தானே காய்ச்சல் வாற!"

கட்டத் துணி வென்றது. அந்தத் துணி மரைக்காரின் கடையில் நெடுநாளாக விலைபோகாமல் கிடந்ததற்கும் இந்த வெற்றிக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று கமிட்டி தனியாக ஒரு தீர்மானமும் போட்டது. அவ்வளவு நேர்மை.

அப்போது உசனார் எழுந்தார். பள்ளிவாசலில் விளக்கு, பாய், தொப்பிகளைப் பார்க்கிறவர். வெற்றிலை இல்லாமல் அவரால் ஒரு வசனம் பேச ஏலாது.

"எல்லாம் சரி மரைக்கார். வெத்திலைய எதுக்குள்ளால போடுற?"

சபை திடுக்கிட்டது. யோசித்துப் பார்த்து, ஒவ்வொரு வாய்க்கட்டிலும் வாய்க்கு நேரே வட்டமாக ஓர் ஓட்டை வெட்டுவதென்று முடிவாயிற்று. அதற்கு 'வெற்றிலை வாசல்' என்று பெயர். அந்த வாசலுக்குள்ளால் சுருட்டுப் பிடிக்கலாம், துப்பலாம், நன்றாக இருமவும் செய்யலாம். ஹமீட்டுக்கும் மூச்சு வந்தது.

ஆனால் சனம் சனம்தானே. மூன்றில் ஒருவர் வாய்க்கட்டு இல்லாமலே துறைக்கு வந்தார்கள். ஏற்றாதே என்றால் வயலில் அரிவி வெட்டுக்குப் போகிறவர்கள் எப்படிப் போவது? கமிட்டி தலையில் கைவைத்து இருந்தபோது உசனாருக்குத்தான் வெளிச்சம் வந்தது.

"பள்ளிக்குத் தொப்பியில்லாம வாறவனத் திருப்பியா அனுப்புறம்? வாசல்ல தொப்பிக் கூடை இரிக்கி. எடுத்துப் போடுறான், தொழுறான், மறுகா கூடைக்குள்ள வெச்சிப்போட்டுப் போறான். இதையும் அப்பிடிச் செஞ்சா என்ன?"

மரைக்கார் எழுந்து அவரைக் கட்டித் தழுவினார். எங்களுக்கு யாருக்குமே இதில் பிழை தெரியவில்லை. பிறந்த நாள் முதல் பார்த்த கூடை அல்லவா!

மறுநாளே தோணிக்குள் பனையோலைக் கூடை வந்தது. இந்தக் கரையில் எடுத்துக் கட்டுவது, அந்தக் கரையில் அவிழ்த்துக் கூடையில் போடுவது. அங்கே நிற்கிறவர்கள் அதையே எடுத்துக் கட்டி இங்கே வருவது. உசனார் 'வாய்க்கட்டு மேற்பார்வையாளர்' ஆனார். எவ்வளவு பெரிய சமத்துவம் பாருங்கள்! வயல் வட்டை முழுக்கச் சொந்தமான போடியாரும் அவருடைய வயலில் கூலிக்கு வெட்டுகிறவனும் ஒரே துணிக்குள் மூச்சு விட்டார்கள், ஒருவர் விட்ட சூடு ஆறுமுன்னே மற்றவர். சொந்தக்கட்டு வைத்திருந்தவர்களுக்கும் கூடைக்கட்டுத்தான் என்று பிறகு சட்டம் இறுகியது. சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்.

இந்த ஒழுங்குக்கு முதலில் இடைஞ்சல் செய்தவள் றம்லா. என் கடைக்குப் பின் வளவில் இருப்பவள். அவளுடைய உம்மா படுவான்கரையில் தனியாக இருந்தார், இரண்டு கண்ணும் தெரியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் றம்லா சோறு கொண்டுபோய் உம்மாவுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு வருவாள். அன்றைக்கும் சோற்றுப் பானையோடு வந்தாள், முகத்தில் தன்னுடைய கட்டோடு.

"அதக் கழட்டு புள்ள," என்றார் உசனார்.

"என்னத்துக்கு உசனார் மாமா? சாம்பத்தண்ணியில அவிச்சி வெயில்ல காயப்போட்டது. இன்னும் சூடு போகல்ல, தொட்டுப் பாருங்க."

"வெள்ளையா இரிக்கே?"

"வெளுத்தா வெள்ளையாத்தான் இரிக்கும்."

"கமிட்டிட கட்டு கட்டம் போட்டது. இதுல வாசலும் இல்ல."

"நான் வெத்தில போடுறல்ல மாமா."

"நீ போடாட்டி என்ன? வாசல் எண்டா எல்லாருக்கும் பொது!"

அப்போதுதான் ஏறாவூர்ச் சந்தைக்குப் போய் வந்த வியாபாரி ஒருவர், வயலைப் பார்த்துவர அவசரமாகத் தோணியேறிக் கூடைக்கட்டும் கட்டியவர், மரைக்காரின் கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதால் இறங்கினார். கட்டை அவிழ்த்துக் கூடையில் போட்டு, வாவியைப் பார்த்து நன்றாக இருமினார். உசனார் மேலே கிடந்த அந்தக் கட்டையே எடுத்து நீட்டினார்.

"இது ஈரம் மாமா!"

"வெத்தில ஈரம். பயப்புடாத."

"இப்ப இருமினாரே, அவர் கட்டினதுதானே இது?"

"ஆர் கட்டினதெண்டு கேக்கப்படாது. பள்ளித் தொப்பிய ஆர் போட்டதெண்டு ஆராவது கேக்கிறாங்களா?"

"தொப்பி தலைக்கு மாமா. இது வாய்க்கு!"

வாங்கில் இருந்த எல்லாரும் மரைக்காரைத் திரும்பிப் பார்த்தோம். மரைக்கார் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, நன்றாக யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"தலையும் வாயும் ஒரே கழுத்துக்கு மேலதானே மகள் இரிக்கி?"

சபை தலையாட்டியது. நானும் ஆட்டினேன். அப்படி ஒரு தெளிவு. றம்லா வாவிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. உம்மா அங்கே பசியோடு இருப்பார். தன்னுடைய கட்டை மடித்து இடுப்பில் செருகிவிட்டு, ஈரக்கட்டைக் கட்டிக்கொண்டு ஏறினாள்.

போனவள் திரும்பி வந்து, மூன்றாம் நாள் பாயில் விழுந்தாள். என் வீட்டுக்காரி கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அவள் எழும்பி உட்காரும்போது ஹமீட் செய்தி கொண்டுவந்தான். உம்மாவுக்குக் காய்ச்சல். அடுத்த வளவிலும் காய்ச்சல். அரிவி வெட்டப்போனவர்கள் தங்கியிருந்த வாடி முழுக்கக் காய்ச்சல்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. தீர்மானம் ஒன்றே ஒன்றுதான். 'படுவான்கரையில் காய்ச்சல் பரவியிருப்பதனால், அங்கிருந்து எங்கள் கரைக்குக் காய்ச்சல் வராமல் பாதுகாக்கும்பொருட்டு, தோணி நிறுத்தப்படுகிறது.'

றம்லா சுவரைப் பிடித்துப் பிடித்துத் துறைக்கு வந்தாள்.

"ஹமீட் தம்பி, தோணியத் தள்ளு."

"தள்ளப்படாது," என்றார் மரைக்கார். "அங்கால காய்ச்சல் புள்ள."

"என்ட உம்மா அங்க தண்ணி குடுக்க ஆளில்லாமக் கிடக்காங்க மாமா."

"கமிட்டி வருத்தப்படுது மகள். ஆனா ஊரக் காப்பாத்தவேணும்."

"ஆரிட்ட இருந்து?"

"அந்தக் கரை ஆக்களிட்ட இருந்து."

றம்லா சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"காய்ச்சலுக்கு நீந்தத் தெரியுமா மாமா? நீங்கதான் தோணியில ஏத்தினீங்க. தவறி வாவிக்குள்ள விழுந்திடுமெண்டு எங்கட வாயில கட்டியும் அனுப்பினீங்க."

இப்படிப் பொறுப்பில்லாமல் பேசியதோடு நிற்கவில்லை. தோணிக்குள்ளிருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே என் கடைக்குள் வந்தாள்.

"ஹலீம் காக்கா, ஒங்கட கிடாரத்தில தண்ணி கொதிக்கிதா?"

"கொதிக்கிது. தேத்தண்ணிக்குப் புள்ள!"

கூடையைக் கவிழ்த்துவிட்டாள். பொதுச் சொத்து முழுவதும் கட்டம் கட்டமாகக் கொதித்தது. மேலே வந்த நிறத்தைப் பார்த்த பிறகு அந்தக் கிடாரத்தில் நான் தேத்தண்ணி வைக்கவில்லை. உசனார் "சட்டம்! சட்டம்!" என்றார். அவரும் வந்து எட்டிப் பார்த்தார். பிறகு வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய் வாங்கில் இருந்துகொண்டார்.

றம்லா இடுப்பிலிருந்த வெள்ளைக்கட்டை எடுத்து முகத்தில் கட்டினாள். ஹமீட் மரைக்காரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கழுத்தில் தொங்கிய கட்டம் போட்ட துணியை அவிழ்த்து அவனும் என் கிடாரத்துக்குள் போட்டுவிட்டு, தோளிலிருந்த துவாயால் வாயை இறுக்கிக் கட்டிக் கோலை ஊன்றினான். கமிட்டியின் உத்தரவை மீறி ஓடிய முதல் தோணி அதுதான். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அவள் போய்ச் சேரும்போது உம்மா உயிரோடு இருந்தார். பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் மகளின் கையால் தண்ணீர் குடித்தார்.

கமிட்டி அனுதாபத் தீர்மானம் போட்டது. பிறகு மரைக்கார் துறை வாசலில், என் கடைக்கு நேரே, நல்ல பலகையில் எழுத்து வெட்டி நட்டார். 'விஷக்காய்ச்சற் காலத்தில் இந்தத் துறையில் வாய்க்கட்டு இல்லாமல் ஒருவரும் தோணியேறியதில்லை.'

வருகிறவர்கள் என்னிடம், இது உண்மையா காக்கா என்று கேட்கிறார்கள். கமிட்டியின் தேத்தண்ணிக்காரன் என்ற முறையில் நான் சாட்சி சொல்கிறேன். ஒரு எழுத்தும் பொய்யில்லை. எங்கள் துறையில் வாய்க்கட்டு இல்லாமல் ஒருவரும் ஏறவில்லை. காய்ச்சலும் கட்டிக்கொண்டுதான் ஏறியது.