சங்கு ஊதின முத்தையாவும் பிரஷ் மாஸ்டரும்

டூத்பிரஷை வைத்துத் தேயிலைத் தோட்டத்தைத் திருத்தப் பார்த்த ஆள் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவரை நான் இலங்கை மலைநாட்டுப் பொகவந்தலாவையில் பார்த்தேன். இரண்டாயிரமாம் ஆண்டுக்குக் கொஞ்சம் பிந்தி, அங்கே ஒரு தோட்டத்து ஆபீஸில் நான் கிளாக்கர். தோட்டத்தை வியாபாரமாக நடத்துவது எப்படி என்று துரைமாருக்குச் சொல்லிக்கொடுக்கக் கொழும்பிலிருந்து அனுப்பப்பட்ட யாழ்ப்பாணத்து மனுசர் அவர்; சொல்லிக்கொடுக்க வந்தவர் என்பதால் எங்களுக்கு மாஸ்டர்.

வந்தவர் பங்களாவில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கவில்லை. டை கட்டிக்கொண்டு மலையேறிவிட்டார். டை நுனியிலும் ரத்தம் உறிஞ்சுகிற அட்டை ஒன்று தொங்கியதாகக் கொழுந்தெடுக்கிற பெண்கள் சத்தியமே பண்ணுவார்கள்.

மேலே முத்தையா புல்லுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தான். மருந்து பீச்சுகிற நொசில் அடைத்துக்கொண்டது. கழற்றி வாயில் வைத்து ஊதினான். எங்கள் தோட்டத்தில் எல்லாரும் செய்வதுதான்.

"ஏன் தம்பி வாயாலை ஊதுறியள்?" என்று மாஸ்டர் கேட்டார்.

"மழைக்கு முந்தி முடிக்கணுங்க சார். வேற எப்படிங்க எடுக்கிறது?"

முத்தையாதான் கோயில் திருவிழாவுக்குச் சங்கு ஊதுகிறவன். இரண்டு வருசமாகப் பாதியிலேயே இருமி நிறுத்திவிடுகிறான். இந்தத் தடவை வேறு ஆள் பார்ப்போம் என்று கமிட்டியில் பேச்சு. இதை அவன் மாஸ்டரிடம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஊதுகிற மருந்துதான் நெஞ்சில் ஏறுகிறது என்றார் அவர்.

மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டில் மருந்தடிக்கிறவர்கள் கழுத்தில் எல்லாம் கயிறு கட்டிய டூத்பிரஷை மாஸ்டர் மாலை மாதிரிப் போட்டார். அவ்வளவுதான், நாங்க என்ன பல்லு வெளக்காத சனமான்னு ஒரே ரகளை. ஒருத்தரும் வேலைக்கு இறங்கவில்லை. பிரஷ் நொசிலுக்கு, வாய்க்கில்லை என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போனது.

முத்தையாவைக் கூப்பிட்டு, நீர்தான் துரை எண்டால் என்ன செய்வீர் என்று மாஸ்டர் கேட்டார். ஆளுக்கு ரெண்டு நொசில் மேலதிகமா குடுப்பேங்க, அடைச்சா மாத்திக்கிட்டுப் போகலாம், வேலையும் நிக்காது என்றான். கையுறையும் வேணும் என்று சேர்த்துக்கொண்டான். ஆபீஸில் துரையோ, இத்தனை வருசம் இல்லாத வழக்கம் எதற்கு என்று இழுத்தார். மாஸ்டர் அடைத்த நொசில் ஒன்றை எடுத்து அவர் மேசையில் வைத்தார்.

"நீங்கள் ஒருக்கா ஊதிக் காட்டுங்கோ."

துரை நொசிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

நொசிலும் கையுறையும் வந்து, வாயால் ஊதுகிற வழக்கம் நின்றது. திருவிழாவுக்குள் மாஸ்டரை மஸ்கெலியாப் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் பஸ் பிடித்து வந்து, டையோடு கூட்டத்தில் நின்றார். கமிட்டி கடைசியாக ஒரு தடவை என்று முத்தையாவுக்கே சங்கைக் கொடுத்திருந்தது. ஊதினான். இருமுவான் இருமுவான் என்று பார்த்துக்கொண்டே நின்றோம். சங்கு நிற்கவே இல்லை. மாஸ்டர் டையால் கண்ணைத் துடைத்தார்.

அந்தப் பெரட்டில் மிஞ்சின பிரஷ் ஒன்று என் மேசை லாச்சியில் இன்னும் புதிதாகவே கிடக்கிறது. அதை எடுத்துப் பல் தேய்க்க எனக்கு மனசு வரவில்லை.