டீஸ்பூன் அண்ணனின் உப்புப் போத்தல்

கடல் சூழ்ந்த இந்தப் பினாங்குத் தீவில், உப்புக்கு டீஸ்பூன் அண்ணனைப் போலப் பயந்த மனிதர் இன்னொருவர் பிறக்கவில்லை. கடற்கரையில் நடக்கும்போதுகூட வாயை மூடிக்கொண்டுதான் நடப்பார்.

ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் முத்துவின் ரொட்டிக் கடை. நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். டீஸ்பூன் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். தினமும் காலையில் அங்கேதான் பசியாறுவோம். அவருடைய உண்மைப் பெயரைக் கடையில் யாரும் கேட்டதில்லை. ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, அதுவும் தலைதட்டி, அதற்கு மேல் கூடாது என்று உட்கார்ந்ததுமே தொடங்கிவிடுவார்.

"சோயா கிச்சாப், கருவாடு, ஊறுகாய் எல்லாம் அந்த ஒரு ஸ்பூனுக்குள்ளதான் லா."

"காத்துல வர்ற உப்பு, அண்ணே?" என்று முத்து கேட்பார்.

"நீ மூச்சைக் கம்மி பண்ணு."

அன்றைய உப்பை வீட்டிலேயே அளந்து, மாத்திரைப் போத்தலில் போட்டுச் சட்டைப் பையில் கொண்டுவருவார். ரொட்டியும் குழம்பும் சாப்பிட்டு முடித்ததும், உள்ளே எவ்வளவு உப்பு போயிருக்கும் என்று கண்ணை மூடி யோசிப்பார். அந்த அளவைப் போத்தலிலிருந்து சாக்கடையில் கொட்டுவார். ஒரு கல்யாணத்தில் மறந்துபோய் ஊறுகாயைத் தொட்டுவிட்டு, எழுந்து போய் வாசலில் இருந்த பூந்தொட்டியில் கொட்டியதை நானே பார்த்தேன்.

எனக்கு அது வேடிக்கை. படித்தவன் என்ற திமிரும் இருந்தது. ஒருநாள் அவர் போத்தலை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனபோது, முத்துவின் உப்பு டின்னிலிருந்து இரண்டு சிட்டிகை எடுத்து அதில் போட்டேன். மறுநாளும் போட்டேன். ஒரு வாரம் போட்டேன்.

"என்னா லா இது, கொட்டக் கொட்டக் குறைய மாட்டேங்குது," என்று போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"உங்க உப்பு குட்டி போடுது, அண்ணே," என்றேன். முத்து திரும்பி நின்று சிரித்தார்.

"வயசாச்சு. கண்ணு சரியில்ல போல," என்று போத்தலைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எட்டாம் நாள் அவர் வரவில்லை. மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக முத்து சொன்னார். போய்ப் பார்த்தேன். கால்கள் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு அக்கா படுத்திருந்தார். அண்ணன் என்னை வெளியே அழைத்துக்கொண்டு வந்தார்.

"அவளுக்கு ஹார்ட் வீக், வாத்தியாரே. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டா. போத்தல்ல மிஞ்சுற உப்பைத்தான் மத்தியானம் எங்க ரெண்டு பேர் குழம்புக்கும் போடுவேன். எங்கயோ என் கை தப்பிருச்சு."

தப்பியது என் கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து நாளில் அக்கா போய்விட்டார். இதயம் ஏற்கெனவே மிகவும் பலவீனமாக இருந்ததாக டாக்டர் சொன்னாராம். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு வருடத்தை ஓட்டினேன்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அந்த வாரம் அவ ரெண்டாந்தடவ சோறு கேட்டு வாங்கினா, வாத்தியாரே. குழம்பு நல்லாருக்குன்னா. எனக்குச் சமைக்க வந்துருச்சுன்னு நெனச்சேன்."

பிறகு எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

இப்போது முத்து கடையில் அவர் வேறு மேசையில் உட்காருகிறார். என்னோடு பேசுவதில்லை. நேற்று அரைவேக்காட்டு முட்டையில் நான் ஏதோ நினைப்பில் கிச்சாப்பை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்த மேசையிலிருந்து குரல் வந்தது.

"வாத்தியாரே, போதும்."

கிச்சாப்பைக் கீழே வைத்தேன். இனி அவர் எதைக் கீழே வை என்றாலும் வைத்துவிடுவேன்.