சாய்ந்த சுவரும் அங்கீகரிக்கப்பட்ட பையும்

சேதப் பதிவு அலுவலகத்தின் கேமராப் பை பதினோரு ஆண்டுகள் உழைத்தது. ஒரு திங்கட்கிழமை காலை, எவ்வித முன்னறிவிப்பும் இன்றி அதன் வார் அறுந்தது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. படப்பதிவாளரின் கால் கட்டைவிரல் அதைத் தாங்கிக்கொண்டது. அந்தப் பெண்மணி இருபது ஆண்டுகளாக அரசுப் பணியில் இருப்பவர். ஆயினும் அன்று ஒரு கற்றுக்குட்டி செய்யும் தவற்றைச் செய்தார். வாரைச் சணல் கயிற்றால் முடிந்துகொண்டு வேலையைப் பார்க்காமல், "கேமராப் பை அறுந்துவிட்டது, வேறு பை தேவை" என்று ஒரு வரி எழுதித் துணை இயக்குநரின் மேசையில் வைத்துவிட்டார்.

எதையும் அளக்காமல் நம்பாதவர் என்பதால் துணை இயக்குநருக்கு அலுவலகத்தில் அளவுகோல் என்று பெயர். அவர் அந்த ஒரு வரியை மூன்று முறை படித்தார்.

"அப்போ, இப்ப கேமராவுக்குப் பை இல்ல."

"இல்ல சார். அதுக்குத்தான் எழுதியிருக்கேன்."

"எழுதிட்டீங்களேம்மா. எழுதாம இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்ச பிறகு, அங்கீகரிக்கப்பட்ட பை இல்லாம கேமராவை வெளிய விட எனக்கு அதிகாரம் கிடையாது."

கேமரா அன்றே பீரோவுக்குள் போயிற்று. ஒரு சாவி அளவுகோலிடமும், மற்றொன்று விதிப்படி படப்பதிவாளரிடமும் இருந்தன. திறக்கும் அனுமதி மட்டும் இருவரிடமும் இல்லை.

மறுநாள் தையற்காரம்மா ஒருவர் மனுவோடு வந்தார். ஊர் விளிம்பில் ஒரு மண்மேட்டின் அடியில் பதினாறு வீடுகள். அவற்றில் ஒன்று அவருடையது. மண் சரியாமலிருக்க வீடுகளின் பின்னால் எழுப்பிய தடுப்புச் சுவர் ஒரு சாண் சாய்ந்துவிட்டது. பொறியாளர்கள் முட்டுக் கொடுக்க வேண்டுமானால் சேதப் பதிவு அலுவலகம் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தையற்காரம்மா தம் கைபேசியை நீட்டினார். அதிலிருந்த படத்தில், தூக்கம் வந்த பேருந்துப் பயணியைப் போல, சுவர் வீடுகளின் பக்கம் சாய்ந்திருந்தது.

அளவுகோல் கைபேசியைத் தொடக்கூட இல்லை. "போன் படம் செல்லாதும்மா. போன்ல சுவர் சாயலாம், சாயாமலும் இருக்கலாம். எங்க கேமராவுல சாஞ்சாத்தான் அது சட்டப்படி சாஞ்ச சுவர்."

"அப்ப உங்க கேமராவுலயே எடுங்க சார்."

"பை வரட்டும்."

"பை எப்ப வரும்?"

"குழு போடணும்ல?"

குழுவில் எழுவர். எழுவரில் ஒருவரும் கேமராவைத் தொட்டதில்லை என்பது அவர்களுடைய நடுநிலைமைக்குச் சான்றாகக் குறிப்பேட்டில் பதிவாயிற்று. படப்பதிவாளரைச் சேர்க்கவில்லை, பையைத் தூக்கப்போகிறவர் பையைப் பற்றி ஒருதலையாகப் பேசக்கூடும்.

முதல் கூட்டத்திலேயே ஓர் அடிப்படைக் கேள்வி எழுந்தது. தேவைப்படுவது அன்றாடப் பயன்பாட்டுக்கான பையா, பயணத்துக்கான பையா? எட்டுக் கிலோமீட்டருக்கு உட்பட்டது அன்றாடம், மேற்பட்டது பயணம் என்று ஒரு பழைய சுற்றறிக்கை சொல்லிற்று. அளவுகோல் தாமே வண்டியெடுத்துப் போய் அளந்து வந்தார். சுவருக்குப் போக ஏழரைக் கிலோமீட்டர். திரும்பும் சாலை ஒருவழிப் பாதை, ஆகையால் சுற்றிக்கொண்டு வர ஒன்பது.

"போறப்ப அன்றாடம், வர்றப்ப பயணம்," என்று அவர் அறிவித்ததைக் குழு குறிப்பேட்டில் பதிந்துகொண்டது.

"அவ்வளவு தூரம் போனீங்களே சார், சுவரப் பாத்தீங்களா?" என்று வாசலில் நின்றபடி கேட்டார் படப்பதிவாளர்.

"பாக்காம? நல்லாவே சாஞ்சிருக்கு. படம் மட்டும் வந்துட்டா உடனே நடவடிக்கைதான்."

ஆகவே இரண்டுக்கும் பொருந்தும் ஒரே பையைத் தேடும் பணி தொடங்கியது. இயக்குநர் தம் மகளைக் கலந்தாலோசித்துவிட்டு வந்து, தோல் விளிம்பு வைத்த கான்வாஸ் பையைத்தான் இப்போது எல்லோரும் மாட்டுகிறார்கள் என்றார். "பாத்தா கேமராப் பைன்னே தெரியக்கூடாதாம். அதுதான் ஸ்டைலாம்." கேமராப் பையென்று தெரியாத கேமராப் பைகள் ஒரு டஜன், சோதனைக்காக வந்து இறங்கின. குழுவினர் ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டார்கள். லென்ஸ் அறையில் டிபன் பாக்ஸ் கச்சிதமாக உட்கார்ந்தது. பேட்டரி அறை ரத்த அழுத்த மாத்திரைக்கென்றே தைத்தது போலிருந்தது. மூன்றாம் வாரத்தில், குழுவில் இல்லாதவர்களும் சொந்தமாக வாங்கி மாட்டத் தொடங்கினார்கள். தபால் பிரிவு எழுத்தரிடம் உடைக்குத் தோதாக இரண்டு இருந்தன. தாழ்வாரத்தில் நடப்பவர்களைக் கண்டால், உலகத்து அழகையெல்லாம் படமெடுக்கப் புறப்பட்டவர்கள் என்றே தோன்றும். அலுவலகத்தின் கேமரா ஒன்றே ஒன்று. அது பீரோவில் இருந்தது.

தையற்காரம்மா செவ்வாய்தோறும் வந்தார். முதலில் சாண் என்றார். பிறகு சாணும் நாலு விரலும். ஆறாம் வாரம், படப்பதிவாளரின் மேசையில் முழங்கையை ஊன்றி ஒரு முழம் அளந்து காட்டினார்.

அந்த வாரம் குழு பயணச் சோதனைக்காகக் கடற்கரைக்குப் போயிருந்தது. மூன்று நாள் கழித்து, வெயிலில் கறுத்த முகங்களுடனும் இருநூற்றுப் பன்னிரண்டு படங்களுடனும் திரும்பியது. மணலில் பை, பாறைமேல் பை, பையோடு அளவுகோல்.

"சார், இதெல்லாம் போன்ல எடுத்ததா?" என்றார் படப்பதிவாளர்.

"ஆமா. ஏன்?"

"போன் படம் செல்லாதுன்னு சொன்னீங்க."

அளவுகோல் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "செல்லாதது சேதத்தோட படம்மா. பைக்கு ஒரு சேதமும் இல்லையே."

மறுநாள் காலை படப்பதிவாளர் பீரோவைத் திறந்தார். கேமராவைத் தம் சால்வையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினார். வேலை போகலாம் என்பது அவருக்குத் தெரியும். அந்த முழத்தை நினைத்தால் வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

பதினாறு வீட்டாரும் கூடிவிட்டார்கள். சுவரின் விரிசலுக்குள் ஒருவர் கையை மணிக்கட்டுவரை விட்டுக் காட்டினார். படப்பதிவாளர் கேமராவை எடுத்ததும், தையற்காரம்மா குறுக்கே வந்து நின்றார்.

"பை எங்க மேடம்?"

"பை வரலக்கா. நகருங்க, எடுத்துட்டுப் போயிடறேன்."

"பை இல்லாம எடுத்தது செல்லுமா?"

படப்பதிவாளர் கேமராவைத் தாழ்த்தினார்.

"திருப்பி அனுப்பிட்டா அதே மனுவ ஒரு வருஷத்துக்கு வாங்க மாட்டாங்க. போன தடவ மை நிறம் சரியில்லன்னு அப்படித்தான் ஆச்சு. இத்தன வாரம் பொறுத்துட்டோம். முறையா வாங்க மேடம்."

"சுவர் பொறுக்காதுக்கா."

"பொறுக்கும், பொறுக்கும்," என்றார் விரிசலில் கை வைத்திருந்தவர். பதினாறு வீட்டாரும் சுவரை மறைத்து வரிசையாக நின்றார்கள். கேமரா மாலைக்குள் பீரோவுக்குத் திரும்பிவிட்டது. அது வெளியே போய்வந்ததை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் பையின் நிறத்தைப் பற்றிய வாக்கெடுப்பில் இருந்தார்கள்.

பத்தாம் வாரம், சாம்பல் நிறத்தில், மழையுறையோடு பை தேர்வாயிற்று. ஒப்படைப்பு விழாவில் கைதட்டப் பயனாளிகள் வேண்டுமென்று இயக்குநர் விரும்பினார். பதினாறு குடும்பங்களையும், பச்சைக்குழந்தை முதல் படுத்த படுக்கையாயிருந்த முதியவர்வரை, இரண்டு பேருந்துகளில் அலுவலகத்துக்கு ஏற்றி வந்தார்கள். இயக்குநர் பையைப் படப்பதிவாளரின் தோளில் மாட்டி, வாரின் நீளத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது சுவர் விழுந்தது. சுவரின் பின்னால் மேடும் வந்தது. பதினாறு வீடுகளும் ஜன்னல் உயரத்துக்கு மண்ணுக்குள் போயின. உள்ளே ஒருவரும் இல்லை.

இயக்குநரின் அறிக்கை மாலையே மேலிடம் போய்ச் சேர்ந்தது: "உரிய பையை உரிய காலத்தில் தேர்வு செய்ததன் வாயிலாக, பதினாறு குடும்பங்கள் உயிர்ச்சேதமின்றிக் காக்கப்பட்டன." குழுவினர் எழுவருக்கும் பாராட்டுக் கடிதம் வந்தது. படப்பதிவாளர் புதுப் பையோடு போய் முறைப்படி படம் எடுத்து அனுப்பினார். முட்டுக் கொடுப்பதற்குரிய சுவர் படத்தில் காணப்படவில்லை என்று குறிப்பெழுதிப் பொறியாளர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

தையற்காரம்மா மண்ணைக் கிளறித் தம் தையல் இயந்திரத்தின் தலையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். "பையாலதான் உசுரு தப்பிச்சோம்னு எழுதியிருக்காங்களாம். பொய்யின்னும் சொல்ல முடியல மேடம்."

அடுத்த திங்கட்கிழமை அலுவலக வாசலில் தெருக்கோடிவரை கூட்டம். வெடித்த சுவர்க்காரர்கள், இறங்கிய கூரைக்காரர்கள், ஆட்டங்கண்ட மாடிக்காரர்கள். எல்லோர் கையிலும் மனு. படப்பதிவாளர் பையை மாட்டிக்கொண்டு புறப்படத் தயாராக வெளியே வந்தார்.

"படம் யாருக்கு முதல்ல எடுக்கணும்?"

முன்னால் நின்றவர் அவசரமாகத் தலையாட்டி மறுத்தார். "படமெல்லாம் வேணாம் மேடம். அடுத்த பைக்கு எப்ப குழு போடறாங்க? விழா அன்னிக்கு எங்க வீட்டு ஆளுங்களையும் பஸ்ல ஏத்திட்டு வந்துட்டாப் போதும்."

படப்பதிவாளர் பையைத் தோளிலிருந்து கழற்றி வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டின் கதவு எண்ணையும் கேட்டுக் கேட்டுப் பொறுமையாக எழுதினார். நூற்று நாற்பது வீடுகள் வந்தன. அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் கூரையும் இரண்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. பட்டியலின் முதல் வரியை அவர் அதற்காகக் காலியாக விட்டிருந்தார்.